மறுபடி வாராது, கைகண்டது

நவம்பர் 4, செவ்வாய்

விடியும்போதே தூறல். மேகமலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. பழைய நோட்டுகளுக்கு வெயில் காட்ட வேண்டிய நாள், நடக்கவில்லை.

மூன்றாம் வீட்டுச் செல்வி கேட்ட கேள்வி காலையிலிருந்து காதிலேயே நிற்கிறது. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டே கேட்டாள். "மூணு புஸ்தகமும் ஒண்ணு போலச் சொன்னா அது நெசமாத்தான இருக்கும் டீச்சர்?"

நான் சொன்ன பதில்: "மூணு ஊரு, மூணு ஆளு. சேந்து பேசி வச்சா எழுதிருப்பாக? நெசமாத்தான் இருக்கணும்."

முப்பத்தொரு வருடம் பாடம் நடத்திய வாய். யோசிக்காமல் சொல்லிவிட்டது.

ஹாலில் கயிறு கட்டி, மின்விசிறிக்குக் கீழே நோட்டுகளை விரித்தேன். என் வீட்டுக்காரர் குனிந்து குனிந்து நடந்தார். "வீட்டுக்குள்ள துணிக்கடை போட்டுட்டியா? ஜாக்கெட் பிட்டு இருக்கா?" மின்வாரியத்தில் இருந்தவருக்குக் கயிறு என்றாலே கம்பி ஞாபகம். முடிச்சு சரியில்லை என்று மறுபடி கட்டினார்.

அனுமந்தன்பட்டியில் எழுத்துள்ள தாளை அடுப்பில் போட மாட்டார்கள், பாவம் என்பார்கள். வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து இறங்குகிற நோட்டெல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் அதுவே வேலை. எந்த நோட்டில் எந்தச் சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது என்று அட்டையில் குறிப்பது. ஏட்டைப் பார்த்து எழுதினது, இன்னொரு நோட்டைப் பார்த்து எழுதினது, கேட்டு எழுதினது எல்லாம் உண்டு. இதுவரை பதினான்கு. பழைய நோட்டு என்பதைச் சுருக்கி ப.நோ. 1, ப.நோ. 2 என்று எண் போட்டிருக்கிறேன்.

செல்விக்கு நான் காட்டியவை ப.நோ. 2, 5, 9. மூன்றும் வைத்திய நோட்டு. ஒன்று கோம்பை, ஒன்று ஓடைப்பட்டி, ஒன்று நம்மூர். மூன்றிலும் வலிப்புக்கு ஒரு பச்சிலைக் கஷாயம். மூன்றிலும் கடைசி வரி அச்சு அசலாக ஒன்றே: "தீரும். மறுபடி வாராது. கைகண்டது. ஐயமில்லை." எனக்கு அது ஆச்சரியம். ஆச்சரியத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் காட்டினேன். செல்வியின் மகள் அபிக்கு வலிப்பு உண்டு, மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியாததா?

இன்று ப.நோ. 12 காய்கிறது. நெல்லுக் குதிரில் வண்டு விழாமல் இருக்க வழி. கடைசி வரி: "தீரும். மறுபடி வாராது. கைகண்டது. ஐயமில்லை."

மற்றதையும் புரட்டினேன்.

ப.நோ. 4, மாட்டுக்குக் கோமாரி. மறுபடி வாராது. கைகண்டது.
ப.நோ. 7, வீட்டில் கெட்ட காற்று நடமாட்டம். மறுபடி வாராது. கைகண்டது.
ப.நோ. 10, நார்த்தங்காய் ஊறுகாயில் பூஞ்சை. மறுபடி வாராது. கைகண்டது. ஐயமும் இல்லை.

வண்டு, கோமாரி, பேய், பூஞ்சை, வலிப்பு.

பி.பி. மாத்திரை போட்டேனா? போட்டேன், உறை காலி.

செல்வி மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டாள். படித்தவள். பத்தாம் வகுப்பில் என்னிடம்தான் படித்தாள்.

அதுதான் பயமாக இருக்கிறது.


நவம்பர் 5, புதன்

தூறல் இல்லை, மூட்டம். மூன்றாம் வீடுதான், போய்வரப் பத்து நிமிடம். காலையில் மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை போனேன்.

செல்வி வீட்டில் சுண்ணாம்பு வாசனை. ஞாயிற்றுக்கிழமை கோம்பையிலிருந்து அபியைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்காக முன்சுவருக்கு அடித்திருக்கிறார்கள். அவள் கணவன் முருகேசன் ஓடைப்பட்டியில் குத்தகைத் திராட்சைத் தோட்டத்தில். மழையில் பழம் வெடிக்கிறதாம், நாலு நாளாக அங்கேயே படுக்கை.

மாத்திரை பற்றிக் கேட்டேன்.

"அதெல்லாம் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர். காப்பி சாப்பிடுங்க."

முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத நாளிலும் இப்படித்தான், புத்தகப்பையின் வாரைப் பார்த்துப் பேசுவாள்.

வெளியே அபி ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. என்னைப் பார்த்ததும் நாக்கை வெளியே நீட்டிக் காட்டினாள், பச்சை நிறம். "உங்க புஸ்தகத்துல எல்லாம் எழுதிருக்காக டீச்சரம்மா, கசக்கும்னு மட்டும் ஒருத்தரும் எழுதல."

"மாத்திரை?"

"அதான் தீபாவளி மறுநாளோட மூட்டை கட்டியாச்சே. அம்மா சொல்லலயா?"

பதினைந்து நாள். வீட்டுக்கு வந்து காலண்டரில் எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

மூன்று வருடம் முன்பு, பதினொன்றாம் வகுப்புத் தேர்வு அறையில் அவள் முதல் முறை விழுந்தாள். அன்று கண்காணிப்புக்கு நான் இருந்தேன். மேசை நகர்ந்த சத்தம். பேனா உருண்டு என் காலருகில் வந்து நின்றது. அதற்குப் பிறகு மாத்திரை, அதற்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை.

வரவேண்டியவை: பால் கார்டு, கேஸ். வர வேண்டாதது ஒன்று. அதை எழுதவில்லை.


நவம்பர் 6, வியாழன்

தூக்கம் சரியில்லை. அவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்துவிட்டுக் கேட்டார். "நீ மாத்திரைய நிப்பாட்டுன்னு சொன்னியா?"

"சொல்லல. நெசமாத்தான் இருக்கணும்னு சொன்னேன்."

"அப்புறம் என்ன. அவுக வீட்டு விசயம். ஞாயித்துக்கெழம விசேசத்த வச்சுக்கிட்டுப் போயி கலச்சு விடாத."

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "போயிட்டு வா. இங்கன உக்காந்து கையப் பிசஞ்சா என்ன ஆகப்போகுது" என்றார்.

போவதற்கு முன் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது.

1. ப.நோ. 3-க்குள் இருந்த பழைய கடிதம். "இங்கு அனைவரும் நலம். அங்கு நலம் அறிய ஆவல்." நாலாவது வரி: அப்பா போன வெள்ளிக்கிழமை தவறிவிட்டார். எழுதியவர் பொய் சொல்லவில்லை. கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்கும், அவ்வளவுதான். வாசலில் கோலம் இருந்தால் வீடு என்று தெரியும். உள்ளே யார் நோயில் கிடக்கிறார் என்று கோலம் சொல்லாது.

2. ப.நோ. 6, கிரயப் பத்திரத்தின் நகல். "சூரிய சந்திரர் உள்ளவரை ஆண்டு அனுபவித்துக்கொள்ள." அதே நிலம் நான்கு வருடத்தில் வேறு கை மாறியிருக்கிறது, அதே சூரிய சந்திரருடன்.

3. ஆகவே "மறுபடி வாராது, கைகண்டது" என்பது சாட்சி இல்லை. மருந்துப் பக்கம் முடிந்தது என்பதற்கு அடையாளம். ஒருவர் எழுதினதைப் பார்த்து ஒருவர் எழுதினது. நான் மூன்று சாட்சி என்று எண்ணியது ஒரே ஆளாக இருக்கலாம். ஆளே இல்லாமலும் இருக்கலாம்.

நன்றாகத்தான் எழுதியிருந்தேன். செல்வியிடம் முழுக்கச் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒரே கேள்வி.

"டாக்டர் சீட்டுலயும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான டீச்சர் எழுதிருக்கு? காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்குப் பின்னால. ஒங்களுக்கும் அதான், அபிக்கும் அதான், எங்க மாமியாளுக்கும் அதான். அத மட்டும் நம்பணுமாக்கும்?"

முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கைதட்டியிருப்பேன். இன்று நானும் ஒரு பூண்டை எடுத்து உரித்தேன்.

"நீங்கதான சொன்னீக, மூணு பேரு சேந்து பொய் சொல்ல மாட்டாகன்னு. இப்ப நீங்களே மாத்திப் பேசுறீக. நான் எந்த டீச்சரக் கேக்குறது?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் பயம். கோம்பையிலிருந்து வருபவர்கள் மாத்திரைப் பெட்டியைப் பார்த்துவிடக் கூடாது. "கோம்பை நாய் வளக்குற ஊருக்காரக. மோப்பம் புடிச்சிருவாக டீச்சர்" என்று சிரித்தாள். சிரிக்கும்போது கை பூண்டை நசுக்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் "மறுபடி வராது" என்று மூன்று வருடத்தில் ஒரு தடவையும் சொல்லவில்லையாம். "புஸ்தகம் சொல்லுதுல்ல."


நவம்பர் 7, வெள்ளி

வெயில். நோட்டுகளை மொட்டை மாடிக்குக் கொண்டுபோகலாம். கொண்டுபோகவில்லை.

காலை 8.10. அபி ஸ்கூட்டியில் போனாள். கால்வாய்க் கரை ரோடு வழியாகத்தான் கல்லூரிக்குப் போவாள். கால்வாயில் இப்போது தண்ணீர் முழுக்க. வாசலில் நின்று, "பஸ்ல போ ஆத்தா" என்றேன். "பஸ்ல போனா ரெண்டாவது பீரியடுக்குத்தான் போவேன்" என்று கையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

8.40. சேர்ந்திருப்பாள்.
9.00. சேர்ந்திருக்க வேண்டும்.
9.15. ஆம்புலன்ஸ் சத்தம். கம்பம் பக்கம் போயிற்று. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி ஊற்றியது.
9.20. அபிக்குப் போன். எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பாள். இருக்கட்டும்.
11.05. அவளே கூப்பிட்டாள். "என்ன டீச்சரம்மா, அஞ்சு மிஸ்டு கால்? பிரேக்கு இப்பத்தான் விட்டாக." ஒன்றுமில்லை, ரசப்பொடி வாங்கி வா என்றேன். வீட்டில் ரசப்பொடி இருக்கிறது.

முருகேசனுக்கும் போன் போட்டேன். பின்னால் பம்பு ஓடுகிற சத்தம். "செல்வி என்ன செஞ்சாலும் ஒங்களக் கேட்டுத்தான டீச்சர் செய்வா. நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்றான்.

போனை வைத்துவிட்டு மறுபடி காலண்டரை எண்ணினேன், பதினேழு நாள்.

மாலை 4.35. ஸ்கூட்டி சத்தம். வந்துவிட்டாள். ரசப்பொடி பாக்கெட் இரண்டு.

பிறகு ஒரு வேலை செய்தேன். பதினான்கு நோட்டையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். சொற்றொடர் தேடவில்லை. இந்த மருந்தை இன்னாருக்குக் கொடுத்தேன், இப்படி ஆயிற்று என்று எங்கேயாவது யாராவது எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தேன்.

ஒரே இடம். ப.நோ. 4, மாட்டு வைத்தியம். கோமாரிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், வேறு கையெழுத்தில்: "நம்ம செவலைக்கு மூணு நாள் குடுத்தேன். பிழைக்கவில்லை."

பதினான்கு நோட்டில் வேறு எந்த வரியையும் போல இல்லாத வரி இது ஒன்றுதான்.


நவம்பர் 8, சனி

பதறிக்கொண்டே எழுதுகிறேன். வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை 9 மணி. ஆறு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு செல்வி வீட்டுக்கு. அபிக்கு விடுமுறை. "எனக்காக ஒரு விளையாட்டு" என்றேன். பாடம் என்றால் எழுந்து போய்விடுவாள்.

பக்கத்தின் மேல்பாதியைத் துண்டால் மூடி, கடைசி இரண்டு வரியை மட்டும் செல்வியை வாசிக்கச் சொன்னேன். எதற்கு மருந்து என்று சொல்ல வேண்டும்.

முதல் பக்கம் வாசித்தாள். "காலை மாலை பிரயோகிக்கத் தீரும். மறுபடி வாராது. கைகண்டது." உடனே, "இது அபிக்குக் குடுக்கிற கஷாயந்தான்."

துண்டை எடுத்தேன். நார்த்தங்காய் ஊறுகாய்.

அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்குப் பூஞ்சை புடிச்சிருக்காம்மா!"

இரண்டாவது பக்கம். "இதுதான் வலிப்பு. கண்டிப்பா இதுதான்." குதிர் வண்டு. மூன்றாவது பக்கம் வாசித்துவிட்டு, "தெரியல டீச்சர்" என்றாள். அது உண்மையிலேயே வலிப்புப் பக்கம். துண்டை அவளே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

பிறகு செவலை வரியைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

"வியாழக்கெழம நீ கேட்டதுக்கு இப்பத்தான் பதில் கெடச்சுது" என்றேன். "டாக்டர் சீட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா அதுல அபி பேரு இருக்கு, அவ எடை இருக்கு. அடுத்து எப்ப வரணும்னு தேதி இருக்கு. போனா, 'வந்துச்சா'ன்னு கேக்க ஒரு ஆளு இருக்காக. இந்த நோட்டுல கேக்க ஆளு இல்ல. கேட்டவரு ஒருத்தருதான். அவரு பென்சில்ல எழுதி வச்சிருக்காரு."

செல்வி அப்போதுதான் அழுதாள். "நாளைக்கி அவுக வந்துட்டுப் போகட்டும் டீச்சர், திங்கக்கெழம ஆரம்பிச்சிருவோம்." நான் விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து கம்பத்து டாக்டர் கிளினிக்குக்குப் போன் போட வைத்தேன். நர்ஸ் அதட்டுவது எனக்கே கேட்டது. "பதினெட்டு நாளாவா? ஒடனே கூட்டிட்டு வாங்க, டாக்டர் ரெண்டு மணி வரைக்கும் இருப்பாக."

ஆட்டோவுக்குப் போன் போட்டோம், கிடைக்கவில்லை. பஸ் நிறுத்தம். 11.20. அபி பூக்கடை நிழலில் நின்று, "கோம்பை மாப்பிள்ளைக்கி என்ன சொல்லப்போற? பூஞ்சைன்னா?" என்று அம்மாவைச் சீண்டிக்கொண்டிருந்தாள். பாதி வார்த்தையில் நின்றாள். கண் ஒரு பக்கமாக ஏறியது. சரிந்தாள்.

தலை தரையில் படுமுன் என் கை அடியில் போய்விட்டது என்று செல்வி சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை. உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பூக்கடைக்காரர் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். "இரும்பக் குடுங்க, கையில இரும்பக் குடுங்க!" யாரோ வாயில் துணி வைக்க வந்தார்கள். "வாயில ஒண்ணும் வைக்காதீக! தள்ளுங்க, காத்து வரட்டும்!" என் குரல்தானா அது. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. இவ்வளவு நீளமான பீரியடு நான் எடுத்ததே இல்லை.

பூக்கடைக்காரரின் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம்.

டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "மாத்திரைய நிறுத்துனது யாரு?"

செல்வி, "நாங்களாத்தான் சார்" என்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. என் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றுகிறாள்.

"இல்ல டாக்டர். நான் சொன்னத நம்பித்தான் நிறுத்துனாக" என்றேன். எங்கே படித்தது, என்ன சொன்னது, எல்லாம் சொன்னேன். நடைபாதையில் பத்துப் பேர் இருந்தார்கள். இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நிக்கிற எடத்துல விழுந்துட்டா, நல்லதாப் போச்சு. வண்டியில போகும்போது வந்திருந்தா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கால்வாய்க் கரை ரோடு. 8.10.


நவம்பர் 9, ஞாயிறு

மறுபடி மழை. அபியை மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாக்கின் ஓரம் கடிபட்டு வீங்கியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. ஸ்கூட்டிச் சாவியை முருகேசன் இடுப்பில் செருகிக்கொண்டான். டாக்டர் சொல்லும்வரை கிடையாது.

முருகேசன் என்னைப் பார்க்காமல் உள்ளே போனான். திராட்சை ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தான், வெடித்த பழம். அது கோபமா, வழக்கமா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

கோம்பைக்காரர்கள் புறப்படுமுன் செல்வி போன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். "புள்ளைக்கி வலிப்பு இருக்கு. மாத்திர சாப்புடுறா. சாப்புட்டுக்கிட்டேதான் இருப்பா. அத ஏத்துக்கிட்டு வர்றதுன்னா வாங்க." அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் யாரிடமோ குசுகுசுத்தது. பிறகு, "பெரியவுகளக் கேட்டுச் சொல்றோம்."

"கேட்டுச் சொல்றோம்னா என்ன அர்த்தம் டீச்சர்?" என்றாள் செல்வி.

தெரியாது என்றேன். அர்த்தம் சொல்லிச் சொல்லித்தானே இவ்வளவும்.

"வேற யார் யார்ட்ட டீச்சரம்மா இதச் சொன்னீக?" அபி கேட்டாள், குழறலோடு. கேலியாகத்தான் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன்.

யார் யாரிடம் காட்டினேன்? நினைவிலிருந்து:
பால்காரரின் தங்கை (மஞ்சள் காமாலைப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்).
கூட்டுறவு வங்கியில் இருந்த என் தோழி (மூட்டு வலி).
நூலகத்தில் இந்த நோட்டுகள் பற்றி நான் பேசிய அன்று வந்தவர்கள். எத்தனை பேர்? முகம் தெரியாது.


நவம்பர் 10, திங்கள்

பால்காரரின் தங்கைக்குப் போன் செய்தேன். கஷாயம் காய்ச்சவே இல்லையாம், சோம்பலாம். சோம்பலுக்கு இவ்வளவு நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை. தோழி எடுக்கவில்லை. நூலகத்தில் கேட்டேன், அன்று வந்தவர்களின் பெயர் எழுதி வைக்கவில்லையாம்.

அபி காலை மாத்திரை 8 மணி. செல்வி வாசலில் நின்று விரலைக் காட்டினாள்: போட்டாச்சு. இரவு மாத்திரைக்கும் காட்டுவாளாம். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

நோட்டுகளைத் தோட்டத்தில் புதைத்துவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். "பொதச்சா? வேற ஊர்ல வேற பரண்ல இதே வரி இருக்கத்தான செய்யும். அங்கன போயி பொதைக்க முடியுமா ஒன்னால?" முடியாது. எனக்குப் பிறகு இவையும் யார் வீட்டு வாசலுக்குப் போகுமோ.

வெள்ளைத் தாளைப் பதினான்கு துண்டாக நறுக்கி, கோந்து காய்ச்சி, ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் ஒட்டினேன். நாலைந்து தடவை திருத்திய பிறகு எழுதியது இவ்வளவுதான்:

இதை எடுப்பவர் யாரானாலும், எந்த மருந்தையும் காய்ச்சுமுன், ஏதாவது ஒரு மருந்துப் பக்கத்தின் மேல்பாதியை வேறொருவரைக் கொண்டு மூடச் செய்து, கடைசி இரண்டு வரியை மட்டும் வாசித்து, அது எந்த நோய்க்கு என்று சொல்லிப் பாருங்கள்.